பதினைந்து பின்

நான்காவது முறையும் அந்தக் கேபிள் உள்ளே போகவில்லை. ரெக்சலின் அதை மேசைமேல் வீசினாள்.

“பதினஞ்சு பின்னுன்னுதான மேடம் எழுதிக் குடுத்தீங்க? எண்ணிப் பாருங்க, சரியா இருக்கும்” என்றார் சான்றுக் கிடங்கின் பொறுப்பாளர் வேலாயுதபெருமாள்.

எண்ணினாள். பதினைந்து இருந்தது. மேலே எட்டு, கீழே ஏழு என்று இரண்டு வரிசை. கம்ப்யூட்டரின் முதுகில் இருந்த நீல ஓட்டையிலும் பதினைந்துதான். ஆனால் அங்கே மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து.

“வரிசை மாறியிருக்கே சார். கண்ணால பாத்தா தெரியாதா?”

“வரிசைய நீங்க எழுதலையே.”

ரெக்சலின் கேபிளைப் பார்சலுக்குள் திணித்தாள். பதில் சொன்னால் சண்டையாகிவிடும், சண்டை போட நேரமில்லை. நீதிமன்றம் கொடுத்த ஏழு நாளில் மூன்று போய்விட்டது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கம்ப்யூட்டர் தரும் படத்தைத் திரையில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. 2061-ஆம் வருடத்தில் அது நிலாவுக்கு டிக்கெட் எடுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் தூத்துக்குடிக்கு வடக்கே, கடல்நீரைக் குடிநீராக்கும் சின்ன ஆலை ஒன்றிலிருந்து வந்தது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு மே மாத மதியம் அங்கே குளோரின் கசிந்தது. பம்புக் குழிக்குள் வேலை செய்துகொண்டிருந்த ஞானமுத்துவும் சங்கரபாண்டியும் மூச்சுத் திணறி இறந்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் ஆறுமுகநயினார். அவர் முன்னால் திரை, கையெட்டும் தூரத்தில் போன். ‘குளோரின் கசிவு, ஆட்களை வெளியேற்றவும்’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி பதினோரு நிமிடம் மின்னிக்கொண்டிருந்தது. நயினார் போனைத் தொடவில்லை. சைரன் இருந்திருந்தால் யாராவது ஓடிவந்திருப்பார்கள். சும்மா சும்மா அலறுகிறது என்று நிர்வாகம் அதை முந்தைய வருடமே கழற்றிவிட்டிருந்தது.

இதெல்லாம் மீள்காட்சி சொன்னது. மீள்காட்சி என்பது நீதிமன்றத்தின் இயந்திரம். கிடைத்த தகவலையெல்லாம் அதற்குள் போட்டால், சம்பவ நேரத்தில் யார் எங்கே நின்றார்கள், யார் கண்ணில் என்ன பட்டது என்று மறுபடி கட்டிக் காட்டும். அது வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதன் பேச்சை மீறி எந்த வழக்கும் தீர்ப்பானதில்லை. கம்ப்யூட்டரின் நினைவகத்தை அதற்குள் கொட்டினார்கள். நாற்காலியில் நயினார், திறந்த கண்கள், எதிரே மின்னும் சிவப்பு வரி என்று அது காட்டியது. ஒன்பது வருடச் சிறை.

“அப்படி ஒரு வரி வரவே இல்ல” என்றுதான் நயினார் கடைசிவரை சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “எங்க திரையில எழுத்தெல்லாம் நீலப்பச்சையாத்தான் இருக்கும். சிவப்புன்னு ஒண்ண நான் பாத்ததே கிடையாது” என்றும் சொன்னார். அரசு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். மென்பொருளில் எழுத்து வெள்ளை. மற்ற இரண்டு ஷிப்ட்காரர்களும், கம்பெனி எழுதிக்கொடுத்தபடி, வெள்ளை என்றார்கள். நயினாரின் கண்ணைப் பரிசோதித்தார்கள். கண் நன்றாக இருந்தது. அப்படியானால் வாய்தான் கோளாறு என்று முடிவானது.

அன்றைக்கு நயினாரின் வக்கீல் ரெக்சலின்தான், இலவச சட்ட உதவியில். வராந்தாவில் அவரை நிறுத்தி அவள் சொன்னாள்: “அந்தக் கலர் கதைய இதோட விட்டுருங்க. நீங்க வாயத் தொறக்கத் தொறக்க பொய்யனாத் தெரியுதீங்க.” நயினார் தலையாட்டினார். அதன்பின் பேசவில்லை.

சிறையிலிருந்து மாதம் ஒரு கடிதம் வந்தது. முப்பத்தாறு கடிதம். எல்லாவற்றிலும் ஒரே கோரிக்கை: ‘அந்த மிஷினை ஒரு தடவை போட்டு, உங்க கண்ணால பாருங்க வக்கீலம்மா.’ சான்றுப் பொருளை நேரில் இயக்கிப் பார்க்கத் தண்டனை பெற்றவர் ஒருமுறை கேட்கலாம் என்று புதுச் சட்டம் வந்தபோது, மனு போட்டால்தான் கடிதம் நிற்கும் என்று போட்டாள். நம்பிப் போட்டாள் என்று சொல்ல முடியாது.

நான்காம் நாள் சென்னையிலிருந்து இன்னொரு பார்சல் வந்தது. ஒரு கேபிள், பழைய படத்தை இன்றைய திரைக்கு அனுப்பும் ஒரு மாற்றிப் பெட்டி. கேபிளின் ஒரு முனை நீலம், மூன்று வரிசை. கம்ப்யூட்டரில் சரக்கென்று உட்கார்ந்தது. ரெக்சலின் கும்பிடு போட்டாள். மறுமுனை வெள்ளை, அகலமானது. பெட்டியின் வெள்ளை ஓட்டையும் அதே அகலம். ஆனால் உள்ளே போகவில்லை.

கடைக்காரனுக்குப் போன் போட்டாள்.

“பட்டையா ஒரு தகடு இருக்கா மேடம்? அதச் சுத்தி நாலு சின்ன பின் இருக்கும் பாருங்க.”

“இருக்கு. பெட்டியில அந்த நாலு பின்னுக்கு ஓட்டை இல்லையே.”

“அந்த நாலையும் நறுக்கிட்டீங்கன்னா உள்ள போயிரும்.”

நறுக்கினால் படம் வருமா என்று கேட்டாள். உள்ளே போகும் என்றான். படம் வருமா என்று மறுபடி கேட்டாள். அது உங்க மிஷினைப் பொறுத்தது என்றான். ரெக்சலின் போனை வைத்துவிட்டு, வேலாயுதபெருமாள் முன்னால் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

அவர் காதில் விழாததுபோல இருந்துவிட்டு, “ஹார்பர்ல ஜெபகனின்னு ஒரு பொம்பள இருக்கு மேடம். பழைய சரக்குக் கப்பல்ல ராடார் திரை ரிப்பேர் பாக்குது. ரொம்ப வாய். ஆனா வேலை தெரியும்” என்றார்.

“இத மூணு நாளைக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்லா?”

“நீங்க கேபிள்தான கேட்டீங்க.”

ஜெபகனி மறுநாள் காலையில் வந்தாள். நாற்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை, இடுப்பில் ஒரு திருப்புளி. வெள்ளைப் பெட்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

“நறுக்கச் சொன்னானா? நல்லவேளை அக்கா, நறுக்காம விட்டீங்க. அந்த நாலு பின்லதான் பழைய சிக்னலே வரும். ஓட்டை இல்லாத பெட்டி புது சிக்னலுக்கு மட்டும். ரெண்டு பிளக்குக்கும் ஒரே சட்டையத் தச்சுப் போட்டுட்டுப் போயிட்டானுவ, நாமதான் கெடந்து சாவுதோம்.”

பையிலிருந்து கனமான ஒரு சின்னத் திரையையும், கறுப்பாக ஒரு கேபிளையும் எடுத்தாள். இரண்டு பக்கமும் மூன்று வரிசை. சொருகி, இரண்டு ஓரத்திலும் இருந்த திருகைத் திருகினாள். கம்ப்யூட்டர் இருமி, முனகி, எழுந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து பளிச்சென்று வந்தது.

வெள்ளை.

ரெக்சலின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இதற்குத்தானா ஐந்து நாள் அலைச்சல்? முப்பத்தாறு கடிதம் எழுதிய மனுஷன் மேல் எரிச்சலாக வந்தது. “வெள்ளையாத்தான இருக்கு. நீலப்பச்சைன்னு உயிர வாங்கினாரே” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

கேபிளைச் சுருட்டப்போன ஜெபகனி நின்றாள். “யாரு, எது நீலப்பச்சை?”

ரெக்சலின் கதையைச் சொன்னாள்.

“ஆமா, அவங்க கேபிள் எங்க?”

“கேபிள் எதுக்கு? அதுல என்ன இருக்கு? படம் வந்துச்சா இல்லையா, அவ்வளவுதான?”

“இப்ப உள்ள ஒட்டுத்திரையிலதான் அக்கா அப்படி. சுவத்துல ஒட்டுதோம், படம் காத்துல வருது, ஒரு புள்ளி தப்பா வந்தாலும் திரை அணைஞ்சிரும். வந்தா முழுசா வரும், இல்லன்னா வராது. இது அப்படி இல்ல.” கேபிளின் முனையை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். “மேல் வரிசையப் பாருங்க. மொத பின் சிவப்பு, ரெண்டாவது பச்சை, மூணாவது நீலம். மூணு கலரும் தனித்தனிக் கம்பியில வருது. படத்த நிறுத்தி வைக்கிறதுக்கு வேற ரெண்டு பின் கீழ கெடக்கு. மிச்சம் பாதிக்கு மேல சும்மா தரைக்கம்பிதான்.”

“அப்ப ஒரு கம்பி மட்டும் போச்சுன்னா?”

“அந்தக் கலர் மட்டும் போகும். படம் பாட்டுக்கு ஓடும். கப்பல்ல வாரத்துக்கு ஒண்ணு பாக்கேன். கேப்டன், வெள்ளையெல்லாம் மஞ்சளாயிட்டுன்னு கத்துவாரு. போய்ப் பாத்தா நீலக் கம்பி அந்திருக்கும்.”

“வெள்ளையில சிவப்பு போனா?”

“நீலப்பச்சை.”

கேட்காமலே ரெக்சலினுக்கு அடுத்த பதில் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள். “கறுப்புத் திரையில சிவப்பு எழுத்து இருந்தா?”

“கறுப்புல கறுப்பு. ஒண்ணும் தெரியாது அக்கா.”

கிடங்குக்கு வெளியே லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. வராந்தாவில் தலையாட்டிய நயினாரின் முகம்தான் ரெக்சலின் கண்முன் நின்றது. அந்த மனுஷன் பார்த்ததைத்தான் சொன்னார். தன் கட்சிக்காரனின் ஒரே சாட்சியத்தைத் தானே வாயடைத்து அனுப்பியிருக்கிறாள்.

“வேலாயுதபெருமாள் சார்!” என்று கத்தினாள். “இந்த வழக்குல கேபிள் எங்க?”

அவர் பட்டியலைப் பார்த்தார். கம்ப்யூட்டர் ஒன்று, வேலை செய்யாத திரை ஒன்று. கேபிள் இல்லை. “கேபிள் சான்று கிடையாது மேடம். துணைப் பொருள்.”

“துணைப் பொருள எங்க வைப்பீங்க?”

அவர் தயங்கினார். “இங்க கயிறு சப்ளை சரியா வராது மேடம்…”

“அதனால?”

“பெட்டி கட்ட உபயோகிச்சுக்கிடுவோம்.”

மாலைவரை மூன்று பேரும் அலமாரி அலமாரியாகத் தேடினார்கள். திருட்டு வழக்குப் பெட்டிகள், நில வழக்குப் பெட்டிகள். எதைக் கட்டியிருந்தாலும் முடிச்சைப் பார்த்தார்கள். சம்பவ இடத்துப் போட்டோவில் அந்தக் கேபிளின் நடுவில் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. கடைசியில் ஒரு விவாகரத்து வழக்கின் பாத்திரப் பெட்டியைச் சுற்றி அது கிடைத்தது, மஞ்சள் டேப்போடு.

ரெக்சலின் முனையை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினாள். பதினான்கு. நடு வரிசையில் நாலாவது இடம் காலி. “இந்தா! பின் ஒடைஞ்சிருக்கு!”

“அது ஒடையல. செய்யும்போதே அங்க பின் வைக்கமாட்டாங்க, நிறைய கேபிள்ல அப்படித்தான்.” ஜெபகனி கேபிளை வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள். திருப்புளி நுனியால் மேல் வரிசையின் இடது ஓரத்தைக் காட்டினாள். “இதப் பாருங்க.”

முதல் பின் இருந்தது. ஆனால் நிற்கவில்லை. அடியோடு மடங்கி, உலோகத்தோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தது.

ஏழாம் நாள் மன்றம் கூடியது. நீதிபதி தாணுலிங்கத்துக்கு இந்த மனுவே பிடிக்கவில்லை என்பது அவர் கண்ணாடியைத் துடைத்த விதத்தில் தெரிந்தது. நயினாரை இரண்டு காவலர்கள் கூட்டிவந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தார். பார்வையாளர் வரிசையில் சங்கரபாண்டியின் மனைவி சண்முகக்கனி உட்கார்ந்திருந்தாள். பழைய விசாரணையில் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவள், நயினாரையே வெறித்துப் பார்ப்பதற்காக.

ஜெபகனி நல்ல கேபிளைப் போட்டு, சம்பவ நாளின் பதிவை ஓட்டினாள். சிவப்பு வரி மின்னியது. பிறகு மஞ்சள் டேப் கேபிளைப் போட்டாள். எழுத்தெல்லாம் நீலப்பச்சையானது. சிவப்பு வரி இருந்த இடத்தில் சுத்தமான கறுப்பு.

நீதிபதி எழுந்து வந்து, திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். “மறுபடி மாத்துங்க” என்றார். மாற்றினாள். “மறுபடி.” ஐந்து முறை மாற்றச் சொன்னார்.

“மீள்காட்சி, இதற்கு என்ன சொல்கிறாய்?”

“அனுப்பப்பட்ட படத்துக்கும் காட்டப்பட்ட படத்துக்கும் இடையே வேறுபாடு இருக்க முடியாது. படம் வந்திருந்தால் முழுமையாக வந்திருக்கும்” என்றது இயந்திரம்.

“கண்ணு முன்னாடி கெடக்கே!” என்றாள் ஜெபகனி. யாரும் அவளை அடக்கவில்லை.

“என் கணக்கில் அப்படி ஒரு நிலை இல்லை” என்றது இயந்திரம்.

நீதிபதி நீண்ட மூச்சு விட்டார். “மதியம் உத்தரவு சொல்கிறேன்” என்று எழுந்தார்.

இடைவேளையில் ரெக்சலின் நயினாரிடம் ஓடினாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். நயினார் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. அவர் கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வக்கீலம்மா, இந்தப் பின்ன மடக்கினது நான்தான்.”

“என்னது?”

“ஆலை ஒரு வருசம் மூடிக் கெடந்துச்சுல்லா. மறுபடி தொறந்தப்ப மொத ஆள் நான்தான். மிஷின ஸ்டோர்லருந்து தூக்கிட்டு வந்து மேசையில வச்சிட்டு, சொருகிக்கோன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நான் அத முன்னப் பின்னப் பாத்ததில்ல. உள்ள போகல. மேசைக்கு அடியில இருட்டு. சாச்சு வச்சு அழுத்தினேன். நறுக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு. ஆனா படம் வந்திட்டு. படம் வந்திட்டேன்னு நானும் விட்டுட்டேன்.” அவர் கேபிளிலிருந்து கண்ணை எடுத்தார். “இத்தன நாளும் என்மேல தப்பு இல்லன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்.”

ரெக்சலினுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. நான்கு வருடம் சொன்னதை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்கத் தயாரான இந்த ஒரு மணி நேரத்தில்தானா இந்த மனுஷன் இதைச் சொல்ல வேண்டும்? வாயை மூடுங்க என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“இத நீங்க சொல்லணும்னு எந்தச் சட்டமும் இல்ல. யாரும் உங்கள்ட்ட கேக்கவும் இல்ல” என்றாள்.

“தெரியும். சொல்லவா, வேண்டாமா? நீங்க சொல்லுத மாதிரி செய்யுதேன். போன தடவையும் அப்படித்தான செஞ்சேன்.”

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

“நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். உங்க வாய், உங்க இஷ்டம்” என்றாள். கோபமாகத்தான் வந்தது.

மதியம் நீதிபதி பேனாவை எடுத்தபோது நயினார் கையைத் தூக்கினார். சத்தம் வந்தது, படம் வந்தது, விட்டுவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னார். அரசு வக்கீல் பாதி எழுந்துவிட்டு, எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்தார்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். “இதைச் சொருக உங்களுக்கு யாராவது பழக்கினார்களா?”

“இல்லய்யா.”

“சொருகிய பிறகு யாராவது சரிபார்த்தார்களா?”

“படம் வருதான்னு கேட்டாங்க. வருதுன்னேன்.”

“எழுத்து வெள்ளையாக வர வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா?”

“மொத நாள்லருந்து நீலப்பச்சைதான்யா. அதுதான் அதோட கலருன்னு நெனச்சேன்.”

நீதிபதி அரை மணி நேரம் எழுதினார். எச்சரிக்கையைப் பார்த்தும் பாராமல் இருந்தார் என்பதே குற்றச்சாட்டு, அவர் பார்க்கவில்லை, விடுதலை. ஆலை நிர்வாகத்தை மறுபடி விசாரிக்க உத்தரவு. மற்ற இரண்டு ஷிப்ட்காரர்கள் பொய்ச்சாட்சிக்குப் பதில் சொல்ல வேண்டும். பழைய கருவிகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் மீள்காட்சியின் முடிவை இனி அப்படியே ஏற்கக்கூடாது. வாசித்து முடித்துவிட்டு, அப்படிப்பட்ட வழக்குகள் எத்தனை என்று கிளார்க்கிடம் கேட்டார். எண்ணவேண்டும் என்றார் கிளார்க்.

வெளியே வெயிலில் கண் கூசியது. காவலர்கள் இல்லாமல் நடப்பது எப்படி என்று தெரியாதவர்போல நயினார் படியில் நின்றார். ஆட்டோ பிடிக்கலாம் என்று ரெக்சலின் சாலைப்பக்கம் திரும்பினாள். திரும்பிப் பார்த்தபோது அவர் சண்முகக்கனியின் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

“யம்மா, உள்ள நான் சொன்னத கேட்டிருப்பீங்க. அந்தப் பின்ன…”

“கேட்டேன்” என்றாள் சண்முகக்கனி. அவள் முகத்தில் கோபம் இல்லை. நெடுந்தூரம் நடந்துவந்த களைப்பு மாதிரி ஒன்று இருந்தது. “நாலு வருசம். காலையில எந்திரிச்சதும் ஒங்கள ஒரு பாட்டு திட்டி வஞ்சிட்டுத்தான் அடுப்பே பத்தவைப்பேன். அதுலதான் என் பொழுது விடிஞ்சிட்டு இருந்துச்சு.”

நயினார் தலைகுனிந்து நின்றார்.

“பாத்துக்கிட்டே இருந்தான் பாவின்னு வைவேன். இப்ப பாக்கலன்னு சொல்லுதாங்க. ஒரு ஊசி மடங்கிட்டாம். சொல்லிக் குடுக்க ஆள் இல்லையாம். மிஷினுக்கு அப்படி ஒரு நெலை தெரியாதாம்.” அவள் ரெக்சலினையும் பார்த்தாள், நயினாரையும் பார்த்தாள். “அப்ப நாளைக்குக் காலையில நான் யார வைய? அத ஒருத்தரும் தீர்ப்புல சொல்லலையே.”

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். ரெக்சலின் அவரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். பிறகு மூன்று பேரும் அந்தப் படியிலேயே, நிழல் விழுந்த பக்கமாகப் பார்த்து, ஒருவர் பக்கத்தில் ஒருவராக உட்கார்ந்தார்கள்.